காரீயம் உருக்குபவர் வீட்டில் யாருக்கெல்லாம் ரத்தப் பரிசோதனை?

மறுபடியும் ஒருவர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்திருக்கிறார். அல்சர் என்று மாத்திரை, மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து, சோகைக்கு இரும்புச்சத்து டானிக். எதற்கும் அசையவில்லை. கடைசியில் ஆய்வகத்தில் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்தான் பிடித்தார்: சிவப்பணுக்களுக்குள் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள். காரீயம் உடம்பில் ஏறியதற்கு அது ஓர் அடையாளம். வேறு சில ரத்த நோய்களிலும் வரும். ஆனால் வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை மூன்றோடும் சேர்ந்து வந்தால் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்பதோடு நிறுத்தக்கூடாது, "ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?" என்றும் கேட்க வேண்டும். கேட்டேன். பழைய காரீயத்தை வாங்கி உருக்கித் தோட்டா வார்ப்பாராம். நண்பர்கள் கேட்டால் தூண்டில் குண்டும்.

நாங்கள் டாக்டர்கள் பொழுதுபோக்கைக் கேட்பதில்லை, நோயாளிகளும் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் தப்பு இருக்கிறது.

ஆனால் இதை எழுத உட்கார வைத்தது அவர் அடுத்து சொன்னதுதான். "நான் வெட்டவெளியில் வைத்துத்தான் உருக்குகிறேன் டாக்டர். காற்று புகையைத் தள்ளுகிற பக்கம் நிற்கவே மாட்டேன். ஒரு இழுப்புப் புகைகூட உள்ளே போகவில்லை." காரீயம் உருக்குகிற எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். ஃபேன் வைத்தேன், மாஸ்க் போட்டேன், புகை வரும்போது விலகிக்கொண்டேன். புகை, புகை, புகை!

சரி, அந்தப் புகைக்கே வருவோம். காரீயம் உருகுவது சுமார் 327 டிகிரி செல்சியஸில். கொதிப்பதோ ஏறக்குறைய 1,750 டிகிரியில். நீங்கள் சட்டியை வைத்திருப்பது பெரும்பாலும் 350, 400 டிகிரியில். அந்தச் சூட்டில் காரீயம் ஆவியாவது மிக மிகக் குறைவு. அப்படியானால் உங்கள் கண்ணை எரிக்கிற அந்தப் புகை எங்கிருந்து வருகிறது? உலோகத்தைச் சுத்தப்படுத்த மெழுகோ மரத்தூளோ போட்டுக் கிண்டுகிறீர்களே, அது எரிகிற புகை. கூடவே பழைய சாமானில் ஒட்டியிருந்த கிரீஸ், பெயின்ட். அதுவும் நுரையீரலுக்கு நல்லதில்லைதான், ஆனால் உங்கள் ரத்தத்தில் காரீயத்தை ஏற்றியது அது இல்லை.

புகை அடங்கியதும் என்ன செய்கிறீர்கள்? நிம்மதியாகச் சட்டிக்குப் பக்கத்தில் வந்து, மேலே மிதக்கிற சாம்பல் நிறக் கசடைக் கரண்டியால் வழித்து ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் தட்டுகிறீர்கள். தட்டும்போது லேசாகத் தூசி எழும்பும். அந்தத் தூசியில்தான் காரீய ஆக்சைடு இருக்கிறது. முகப்பவுடர் மாதிரி நைசானது. விரல் இடுக்கில், நகக்கண்ணில், சட்டைக் கையில், தலைமுடியில் உட்காரும். மணமில்லை, எரிச்சலில்லை. அதே கையால் டீ குடிக்கிறீர்கள், சிகரெட் பற்ற வைக்கிறீர்கள், மூக்கைத் தேய்க்கிறீர்கள். வயிற்றுக்குள் போகிற காரீயத்தில் பெரியவர்களின் உடம்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை உறிஞ்சும். சின்னக் குழந்தைகள் பாதி வரைக்கும் உறிஞ்சிவிடும். இரும்புச்சத்தோ கால்சியமோ குறைவாக இருந்தால் இன்னும் கூடும்.

கேஸ் டார்ச்சின் தீயை நேராகப் பிடித்துச் சட்டி சிவக்கிற அளவுக்குச் சூடேற்றுபவர்கள் கதை வேறு. 500 டிகிரியைத் தாண்டினால் காரீயப் புகை நிஜமாகவே கிளம்பும். எனவே தெர்மாமீட்டர் இல்லாமல் உருக்காதீர்கள்.

இந்த நோயாளியிடம் போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உறையின் ஓரமெல்லாம் சாம்பல் நிறத் தீற்றல். வார்க்கும்போது பாட்டுக் கேட்பாராம். வீட்டுக்கு வந்ததும் அந்தப் போன் யார் கையில்? இரண்டு வயதுக் குழந்தை கையில். அது போனை வைத்து விளையாடும், அப்புறம் விரலை வாயில் வைக்கும். குழந்தையின் ரத்தத்தையும் பரிசோதித்தோம். தந்தையின் அளவை விடக் குறைவுதான், ஆனால் ஒரு குழந்தைக்கு இருக்கக்கூடாத அளவு. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று ஓர் அளவே கிடையாது. வளரும் மூளைக்கு ஆகும் சேதத்தைப் பிறகு திருப்ப முடியாது.

இனி, சட்டிக்குள் என்ன போடுகிறீர்கள் என்பதைப் பற்றி. இந்த விவரமெல்லாம் நோயாளிகள் எனக்கு எடுத்த பாடம். நகத்தால் கீறினால் கோடு விழுகிறதா, காகிதத்தில் தேய்த்தால் கறுப்பாக எழுதுகிறதா, தரையில் போட்டால் சத்தம் மந்தமாக இருக்கிறதா, அது ஏறக்குறைய சுத்தக் காரீயம். ஆன்டிமனி என்ற உலோகம் கலந்தது கெட்டியாக இருக்கும், நகம் இறங்காது. டயர்களுக்கு மாட்டும் பேலன்ஸ் எடைகளில் பழையவை இந்த ரகம். புதியவற்றில் துத்தநாகமும் இரும்பும் கலந்து கிடக்கும். கீழே போட்டால் துத்தநாகம் கணீரென்று ஒலிக்கும், கட்டிங் பிளையருக்கு அசையாது. அது உருகுவது சுமார் 420 டிகிரியில். அதற்குக் கீழே வைத்திருந்தால் உருகாமல் மேலே மிதக்கும், பொறுக்கிவிடலாம். விட்டுவிட்டால் மொத்தச் சட்டியும் கஞ்சியாகி அச்சில் இறங்காது. அது உங்கள் பாடு. எனக்குக் கவலை வேறு இரண்டு விஷயத்தில்.

ஒன்று, பேட்டரி. பேட்டரித் தகடுகளை வீட்டில் உருக்காதீர்கள். இதில் பேரம் கிடையாது. அதில் இருப்பதில் பெரும்பகுதி உலோகமே இல்லை. காரீய ஆக்சைடு, சல்பேட், அமிலம். போதாததற்கு ஆன்டிமனி, ஆர்செனிக், கால்சியம் எல்லாம் கலந்திருக்கும். அந்தக் கசடில் ஈரம் பட்டால் ஆர்சீன், ஸ்டிபீன் என்ற வாயுக்கள் வரலாம். ஆர்சீன் சிவப்பணுக்களை உடைத்துத் தள்ளும். சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் நின்றுபோகும். செனகலில் டாக்கார் நகரின் புறநகர்ப் பகுதியான தியாரோய்-சுர்-மேரில் பழைய பேட்டரியிலிருந்து காரீயம் பிரித்தெடுத்த இடத்தில், 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையே 18 குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் யாரும் காரீயம் உருக்கியவர்கள் இல்லை. அந்த மண்ணும் தூசியும் இருந்த இடத்தில் வளர்ந்தவர்கள்.

இரண்டு, தண்ணீர். உருகிய காரீயத்துக்குள் ஈரமான ஒரு துண்டு மூழ்கினால் தண்ணீர் நொடியில் நீராவியாகி ஆயிரத்து ஐந்நூறு மடங்குக்கு மேல் விரியும். சட்டியில் இருப்பது முகத்துக்கு வரும். பழைய குழாய்த் துண்டுகளுக்குள் தண்ணீர் அடைபட்டிருக்கும், வெளியில் தெரியாது. துப்பாக்கி சுடும் இடங்களில் பொறுக்கிய காரீயத்தில் வெடிக்காத தோட்டாவும் கலந்திருக்கலாம், ஒவ்வொன்றாகப் பார்த்துப் போடுங்கள். பழைய சாமானைக் குளிர்ந்த சட்டியில் போட்டு அதோடு சேர்த்துச் சூடேற்றுங்கள், உருகி நிற்கிற சட்டியில் மேலும் போடாதீர்கள். முகத்துக்கு முழு மறைப்பு, தோல் கையுறை, மூடிய ஷூ. செருப்போடு வார்த்துவிட்டுப் பாதத்தில் வெந்து வருபவர்களிடம் என்ன பேசுவது என்றே தெரியவில்லை.

தூசிக்கு: வார்க்கும் இடத்தில் சாப்பாடு, தண்ணீர் பாட்டில், சிகரெட், போன் எதுவும் வேண்டாம். துணி மாஸ்க்கும் ஆஸ்பத்திரி மாஸ்க்கும் வெறும் மனசாந்தி. நைசான தூசியையும் தடுக்கிற பி100 வடிகட்டி உள்ள ரெஸ்பிரேட்டர் (முகத்தோடு இறுகப் பொருந்தும் மூச்சுக் கவசம்) வாங்குங்கள். அந்த வேலைக்கென்று தனி உடுப்பு, தனி ஷூ. வீட்டுக்குள் வரக்கூடாது, வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது. காரில் ஏறும் முன்னே மாற்றிவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். கசடு மூடி போட்ட டப்பாவுக்குள் போகட்டும். டப்பா மேலே என்ன என்று எழுதுங்கள், முறையாகக் காரீயம் மறுசுழற்சி செய்பவரிடம் கொடுங்கள். சமையல் பாத்திரத்தில் உருக்கினீர்களா? அது இனி சமையலறைக்குத் திரும்பக்கூடாது. வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தால், தயவுசெய்து, இப்போதைக்கு இந்தப் பொழுதுபோக்கையே தள்ளிப் போடுங்கள்.

பால் குடித்தால் காரீயம் கரைந்து போய்விடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். போகாது.

காரீயத்தை வெளியேற்ற மருந்து இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. குழந்தைகளுக்கு வழக்கமாக 45 மைக்ரோகிராமைத் தொடும்போதுதான் அதைத் தொடங்குவோம். அந்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டே சட்டியடியில் நின்றால் காரீயம் இன்னும் அதிகமாக உள்ளே போகலாம். எனவே முதல் மருந்து, உருக்குவதை நிறுத்துவது. இந்த நோயாளிக்கும் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

வழக்கமான ரத்தப் பரிசோதனைகளில் காரீயம் தெரியாது. 'ரத்தத்தில் காரீய அளவு' என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். உருக்குபவருக்கு மட்டும் பார்த்தால் போதாது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், அந்தத் துணியைத் துவைப்பவர், எல்லோருக்கும். நிறுத்திய பிறகு ரத்தத்தில் இருப்பது பாதியாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், அதனால் மறுபடி பார்க்க ஒன்றிரண்டு மாதம் கழித்து வந்தால் சரி. அளவு இறங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பெரியவர்களுக்கு உடம்பில் சேர்ந்த காரீயத்தில் பெரும்பகுதி எலும்பில்தான் இருக்கும், ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திரும்பி வரும். கர்ப்பகாலத்தில் அது வேகமாக வெளியே வந்து, நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கும் போகும். பல வருடம் முன்பு உருக்கியவராக இருந்தாலும் கர்ப்பம் தரிக்கும் முன் ஒருமுறை அளவைப் பார்த்துவிடுவது நல்லது.