அரசு அலுவலகக் கூரையும் பத்து ரூபாய் வில்லையும்

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ வீடு கட்டியவர்களுக்கு மழைநீர் சேகரிப்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வரைபட அனுமதி வாங்கும்போதே அதைக் காட்டியாக வேண்டும். அந்த வரைபடத்தை வாங்கிவைக்கும் அலுவலகத்துக்கும் இதே கட்டாயம் உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாது.

2003இல் நகராட்சிச் சட்டத்தைத் திருத்தி மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, புதிய பிரிவின் முதல் வரியே அரசுக்குச் சொந்தமான, அரசு பயன்படுத்தும் கட்டடங்களைப் பற்றியதுதான். தனியார் கட்டடங்கள் அதற்குப் பிறகே வருகின்றன. ஆனால் செய்யத் தவறினால் நோட்டீஸ், செலவைச் சொத்து வரிபோல வசூலிப்பது, குடிநீர் இணைப்பைத் துண்டிப்பது எல்லாம் தனியாரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டன. அரசு அலுவலகத்தின் குழாயை எந்த அதிகாரி போய்த் துண்டிப்பார்? அதனால் கேள்வி கேட்கும் பொறுப்பு பொதுமக்களிடம் வந்து சேர்கிறது.

நம் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் விழுவது ஏறக்குறைய 85,000 லிட்டர். ஆவியாவது, சிதறுவது போக ஐந்தில் நான்கு பங்கு கிடைத்தாலும் 68,000 லிட்டர். ஒரு சிறிய ஊராட்சிப் பள்ளிக் கட்டடத்தின் கணக்கே இது. நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு மிகுந்து, அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்ட இரண்டு மாவட்டங்கள் இவை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய வரம்பு. கூரை நீரில் அந்தச் சிக்கல் இல்லை. கிணற்றருகே இறக்கினால் ஊற்று நீரில் ஃப்ளோரைடின் செறிவையும் ஓரளவு குறைக்கும்.

அமைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, வேலை செய்கிறதா என்று பாருங்கள். மாடியிலிருந்து இறங்கும் பி.வி.சி. குழாய் பாதியில் உடைந்து, சுவரில் பச்சைப் பாசிக் கோடு இழுத்திருக்கும். கீழே மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியின் சிமெண்ட் மூடிமேல் பழைய நாற்காலிகள் அடுக்கப்பட்டிருக்கும். குழியில் ஜல்லியும் மணலும் சேறாக இறுகியிருந்தால் அது வெறும் தொட்டிதான். கோடையில் ஒருமுறை அள்ளிக் கழுவிப் போட்டால் போதும். பெரிய டெண்டர் எதுவும் தேவையில்லை.

அடுத்தது சூரிய மின்சாரம். புதிதாகக் கட்டும் அரசுக் கட்டடங்களின் கூரையில் சோலார் தகடு கட்டாயம் என்று தமிழ்நாட்டின் 2012ஆம் ஆண்டுச் சூரியசக்திக் கொள்கையே சொல்லிவிட்டது. கூரைச் சூரிய மின்சாரத்துக்காக மத்திய அரசு 2024இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்திலும் அரசுக் கட்டடக் கூரைகளை முழுமையாகப் பயன்படுத்துவது ஒரு பகுதி. வீடுகளுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் வரையிலான மானியம் அலுவலகங்களுக்குக் கிடையாது. அதனால் ‘நிதி இல்லை’ என்ற பதில் வரும். அதற்கும் வழி இருக்கிறது: ஒரு நிறுவனம் தன் செலவில் தகடுகளை நிறுவிப் பராமரிக்கும்; அலுவலகம் பயன்படுத்தும் யூனிட்டுக்கு மட்டும், ஒப்பந்தத்தில் பேசிய விலையைக் கட்டும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் நிழலில்லாத இடம் வேண்டும். நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் மூலையில் தகடு மாட்டுவது வீண்வேலை. கிரானைட் தூசி பறக்கும் இடங்களில், துடைக்க ஆள் இல்லாத தகடும் அப்படித்தான்.

அதற்கு முன்பே செய்யக்கூடியது மின்விசிறி. பழைய விசிறி 75 வாட் இழுக்கிறது. இப்போது கடையில் கிடைக்கும் பி.எல்.டி.சி. (தூரிகையில்லா மோட்டார்) விசிறிக்கு 35 வாட் போதும். 40 விசிறி உள்ள அலுவலகம் நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள் இயங்கினால் மிச்சம் 3,200 யூனிட்.

கூட்டங்களில் தேநீர் எதில் வருகிறது என்பதையும் கவனியுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் ஒன்று. ‘காகிதம்தானே’ என்று சொல்லித் தப்ப முடியாது. உச்ச நீதிமன்றமும் 2023இல் அந்தத் தடையை உறுதிசெய்தது. மஞ்சப்பை விழிப்புணர்வுக் கூட்டத்திலேயே இந்தக் கப் நீட்டப்படுவதுதான் எரிச்சலூட்டும் வேடிக்கை. அலுவலக ஜீப்புக்கும் விதி உண்டு: 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்க முடியாது.

கேட்பதற்கு முன், கட்டடம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். பல அலுவலகங்களின் பராமரிப்பு பொதுப்பணித் துறையிடம் இருக்கும்; ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு எழுதலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. ‘ஏன் செய்யவில்லை’ என்று எழுதினால் நழுவிவிடுவார்கள். உறிஞ்சுகுழியைக் கடைசியாகத் தூர்வாரிய தேதி, அதற்கான செலவுச் சீட்டின் நகல், கடந்த 12 மாத மின்கட்டண விவரம் என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் 30 நாளுக்குள் முறையிடலாம்.

ஊராட்சிக் கட்டடமாக இருந்தால் மனுகூட வேண்டாம், கிராம சபை போதும். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நம் மாவட்டங்களில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை கனக்கும் என்பதால் மே 1 கூட்டத்திலேயே தீர்மானம் எழுத வையுங்கள். அக்டோபர் 2 வரை காத்திருந்தால் அந்த ஆண்டின் நல்ல மழையில் பாதி சாக்கடையோடு போயிருக்கும்.