கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு

"தண்ணி கொஞ்சம் பச்சையாத்தான் இருக்கு சேர், ஆனா கொதிக்க வச்சுத்தான் குடிக்கிறோம்." நீர்த்தேக்கக் கரையோரத் தோட்டங்களுக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கப் போனால் இதைக் கேட்காமல் திரும்புவதில்லை. கொதிக்க வைப்பது நல்ல பழக்கம்தான், வயிற்றோட்டக் கிருமிகள் சாகும். இந்தப் பச்சைக்கு மட்டும் அது உதவாது.

நீலப்பச்சைப் பாசி என்பது உண்மையில் ஒருவகை பக்டீரியா. அதில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற இனம் கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சை உண்டாக்கக்கூடியது. கொதிநீரில் அந்த நஞ்சு அழிவதில்லை. செல்கள் உடைந்து, உள்ளே இருந்ததும் தண்ணீரில் கலந்துவிடும். நீண்டகாலம் குடிக்கும் நீரில் இதன் அளவு லீற்றருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒரு குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். முடி மாதிரி நூல்நூலாகத் தொங்கினால் அது பெரும்பாலும் சாதாரணப் பாசி. பெயின்ட் போலக் குச்சியில் அப்பிக்கொண்டு வந்தால் கவனம். தெளிவான போத்தலில் எடுத்து இரவு முழுக்க அசைக்காமல் வைத்தால், நீலப்பச்சைப் பாசியானால் காலையில் பச்சை மேலே மிதந்து நிற்கும். அதன் செல்களில் காற்றுப்பைகள் உண்டு. ஆனால் நஞ்சு இருக்கிறதா என்பதை ஆய்வுகூடம்தான் சொல்ல முடியும்.

இதற்குத் தீனி பொஸ்பரஸும் நைதரசனும். இலங்கையின் நுவரெலியாப் பக்கத்து உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட் பாத்திகளுக்குப் போடும் உரம் மழையில் மண்ணோடு வழிந்து ஓடைக்கு வருகிறது. நகரத்துக் கழிவும், லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) கழிவுக் கான்களும் சேர்கின்றன. 1873இல் அமைக்கப்பட்ட கிரகரி வாவியின் தண்ணீர் நானுஓயா வழியாகக் கொத்மலை ஓயாவுக்குப் போய், கொத்மலை நீர்த்தேக்கத்தில் தேங்குகிறது. 1991இல் அங்கே மைக்ரோசிஸ்டிஸ் பெருகியது. மழை குறைந்து, நீர்மட்டம் இறங்கி, வெயில் அடிக்கும் மாதங்கள்தான் இதற்குத் தோதானவை.

மலையூற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் வற்றிய பிறகுதான் சனங்கள் குடத்தோடு கரைக்கு இறங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்வது அநியாயம். சுத்திகரித்த குழாய்நீரை லயத்துக்குக் கொண்டுவர வேண்டிய பொறுப்பு தோட்ட நிர்வாகத்துக்கும் அரசுக்கும் உண்டு. மரக்கறி செய்கிறவர்கள் ஓடைக்கரையில் சில அடி அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் விட்டாலே மண்ணும் உரமும் ஓரளவு தடுபடும்.

அதுவரைக்கும், காற்று ஒதுக்கிய பச்சைப் படலம் படிந்திருக்கும் கரையில் தண்ணீர் அள்ளாதீர்கள், பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். மாட்டையும் நாயையும் அங்கே குடிக்க விட வேண்டாம். கண்டவுடன் பி.எச்.ஐ.க்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தகவல் கொடுங்கள். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீரில் ஒரு கோப்பைகூட எடுக்காதீர்கள்.