கப்பல் கம்பெனியில் பயிற்சி எடுக்கும் படையினர்: அமெரிக்கத் திட்டம் என்ன, லுமுட் பிள்ளைகளுக்கு என்ன?

ஆயர் தாவாரில் இருப்பவர்களுக்குக் கடற்படை தூரத்துச் சங்கதி இல்லை. சித்தியவானைத் தாண்டினால் மலேசியக் கடற்படையின் லுமுட் தளம். தோட்டத்து வீடுகளிலிருந்து படையில் சேர்ந்த பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் உண்டு. அவர்களுடைய அம்மா அப்பா கேட்கும் கேள்வி ஒன்று: "சர்வீஸ்ல இருக்கும்போதே கப்பல் கம்பெனிக்கு டிரெய்னிங் அனுப்புவாங்களாமே, நம்ம பையனுக்குக் கிடைக்குமா?"

அப்படி ஒரு திட்டம் இருப்பது உண்மை. ஆனால் அது அமெரிக்காவில் நடக்கிறது, அந்த நாட்டுப் படையினருக்காக. இங்கே நம் பிள்ளைகளுக்கு உள்ள வழி வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்களிடம்தான் ஏஜென்டுகள் வந்து சேர்வார்கள். அதனால் இரண்டையும் தனித்தனியாகவே பார்த்துவிடலாம்.

முதலில் அமெரிக்கத் திட்டம். அந்த நாட்டுக் கடலோரக் காவல் படை சட்டப்படி ஆயுதப் படைகளில் ஒன்று. 2003-லிருந்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்குகிறது. கடலில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றுவதும் கடத்தல்காரர்களைத் துரத்துவதும் அதன் வேலை என்பது பலருக்கும் தெரியும். வணிகக் கப்பல் ஓடத் தகுதியானதா என்று ஏறிப் பார்த்துச் சான்றிதழ் கொடுப்பதும் அதே படைதான் என்பது பலருக்குத் தெரியாது. மலேசியாவில் அந்த வேலையை ஜபாத்தான் லாவுட் என்ற கடல்துறை இலாகா செய்கிறது. அங்கே இருப்பவர்கள் சிவில் அரசு ஊழியர்கள், படையினர் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

யூனிஃபார்ம் போட்டவர்கள் கையில் கப்பல் பரிசோதனை எப்படிப் போனது? அந்தக் கதை நீராவி பாய்லரில் தொடங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஆறுகளில் ஓடிய நீராவிப் படகுகளின் பாய்லர்கள் அடிக்கடி வெடித்தன. 1838-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அது போதாமல் 1852-ல் இன்னும் கடுமையான ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அப்படியும் 1865-ல் மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா என்ற படகு பாய்லர் வெடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த சிப்பாய்களே அவர்களில் பெரும்பாலோர். பரிசோதனை வேலையை நெடுங்காலம் சிவில் அதிகாரிகள்தான் பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்த 1942-ல் அது தற்காலிகமாகக் கடலோரக் காவல் படைக்குக் கைமாறி, 1946-ல் நிரந்தரமாகிவிட்டது.

அங்கேதான் சிக்கலும் தொடங்கியது. படையில் இருப்பவரைச் சில வருடங்களுக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நேற்றுவரை ரோந்துப் படகில் இருந்தவர் இன்று எண்ணெய்க் கப்பலின் பேலஸ்ட் டேங்குக்குள், அதாவது கப்பல் ஆடாமல் நிற்கக் கடல்நீர் நிரப்பும் தொட்டிக்குள், இறங்க வேண்டும். டேங்க் திறந்ததும் உள்ளே நுழைய முடியாது. இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். மூடிக் கிடந்த டேங்கில் மூச்சு விடக் காற்று இல்லாமல் போயிருக்கலாம். மீட்டர் வைத்து, ஆக்சிஜன் ஏறக்குறைய 21 விழுக்காடு இருப்பதைப் பார்த்த பிறகே இறங்க வேண்டும். உள்ளே டார்ச் வெளிச்சத்தில், சேறு படிந்த இரும்புச் சட்டங்களுக்கு நடுவே தவழ்ந்து, சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகட்டில் கணீரென்று சத்தம் வரும். துருத் தின்ற இடத்தில் மொத்தையாகக் கேட்டு, பட்டை பட்டையாக உதிரும். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த வெல்டிங் முதலில் விடும் என்பதெல்லாம் புத்தகத்தில் வராது. கப்பல் பட்டறையில் வருடக்கணக்காக நின்ற போர்மனுக்குத் தெரியும்.

செம்பனை மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாய்லரைப் பார்க்க அரசாங்க இன்ஸ்பெக்டர் வரும் நாளில், அவர் பைலைப் புரட்டும் ஆளா, மேன்ஹோலுக்குள் தலையை விட்டுப் பார்க்கும் ஆளா என்று பாய்லர்மேன் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். எங்கே அழைத்துப் போனால் அவர் கேள்வி கேட்கமாட்டார் என்பதும் மில்லில் எல்லாருக்கும் தெரியும்.

அமெரிக்கர்களுக்கும் இந்தக் கவலை வந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு படையின் கவனமெல்லாம் துறைமுகப் பாதுகாப்புப் பக்கம் போனது. பரிசோதகர்களுக்குத் தொழில் தெரியவில்லை என்று கப்பல்காரர்களே குறைப்பட்டார்கள். ஓய்வுபெற்ற வைஸ் அட்மிரல் ஜேம்ஸ் கார்ட் 2007-ல் இதை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். பிறகு 2010-ல் வந்த கடலோரக் காவல் படைச் சட்டம், கடல்சார் தொழில்துறைப் பயிற்சி என்ற திட்டத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தது.

அந்தச் சட்டம் சொல்வது சுருக்கமானது. படையின் அதிகாரியையோ, சிப்பாயையோ, சிவில் ஊழியரையோ ஒரு தனியார் நிறுவனத்துக்கு அனுப்பி வைக்கலாம். ஆனால் அனுப்புவது கடல் பாதுகாப்பு விஷயத்தில் படைக்குப் பயன்பட வேண்டும். ஒவ்வொருவரையும் அனுப்புமுன், இந்தச் செலவு தகுமா, இதே பலனை வேறு வழியில் மலிவாகப் பெற முடியுமா என்று படைத்தலைவர் முடிவு செய்ய வேண்டும். எத்தனை பேரை அனுப்பினோம், என்ன பலன் கிடைத்தது என்று வருடாவருடம் நாடாளுமன்றக் குழுக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்றும் 2010-ல் வந்தபோது அந்தச் சட்டத்தில் இருந்தது. இந்தக் கணக்கு காட்டும் பகுதி எனக்குப் பிடித்தது. அது இருந்தால் "பயிற்சிக்கு அனுப்பினோம்" என்று ஒரு போட்டோவோடு முடித்துவிட முடியாது.

போகிறவர் வேலையை விட்டுவிட்டுப் போவதில்லை. அவர் படையின் ஆள்தான், சம்பளமும் படை கொடுப்பதுதான். பயிற்சி முடிந்ததும் படைக்கே திரும்பி, கற்றதைப் பரிசோதனை வேலையில் காட்ட வேண்டும். கம்பெனி தன் பங்குக்குக் கைச்செலவு கொடுக்கிறேன் என்றால் வாங்க முடியாது. அரசாங்க வேலைக்காக வெளியாள் கொடுக்கும் கூடுதல் சம்பளத்தை அதிகாரி வாங்குவது அந்த நாட்டில் குற்றம். அன்பளிப்புக்கும் அளவு வைத்திருக்கிறார்கள்: ஒரு தடவைக்கு 20 டாலர், ஒரே இடத்திலிருந்து வருடம் முழுவதற்கும் 50 டாலர். நல்ல ஹோட்டலில் ஒரு சாப்பாட்டுக்கே 20 டாலர் பறந்துவிடும்.

இப்படி இறுக்கிப் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நாளைக்கு யாருடைய கப்பலைப் பரிசோதிக்கப் போகிறாரோ, அவர் வீட்டிலேயே இன்று தங்கித் தொழில் கற்கிறார். கூடவே வேலை பார்த்துப் பழகியவரின் கப்பலை நிறுத்திவைக்க மனசு வருமா? இந்தக் கேள்விக்குச் சட்டத்தால் முழுப் பதில் கொடுக்க முடியாது. ஆனாலும் என் கட்சி அனுப்ப வேண்டும் என்பதுதான். தொழில் தெரியாதவர் எப்படியும் கம்பெனிக்காரர் சொல்வதைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அது இன்னும் மோசம்.

எல் ஃபாரோ விபத்து இதற்குச் சாட்சி. 1975-ல் கட்டிய சரக்குக் கப்பல் அது. 2015 அக்டோபர் 1 அன்று வாக்கின் சூறாவளியில் மாட்டி, பஹாமாஸ் பக்கம் மூழ்கியது. கப்பலில் இருந்த 33 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. புயலை நோக்கிப் போனது முதல் காரணம். ஆனால் விசாரணை அதோடு நிற்கவில்லை. அந்தக் கப்பலின் பரிசோதனையில் பெரும்பகுதியைப் படை தானே செய்யாமல், 'கிளாஸ்' என்று கப்பல்காரர்கள் சொல்லும் தரச்சான்று நிறுவனத்தின் சர்வேயர்களிடம் விட்டிருந்தது. அந்த ஏற்பாட்டைப் படை சரியாகக் கண்காணிக்கவில்லை, பரிசோதகர்களின் பயிற்சியும் போதாது என்று விசாரணை சுட்டிக்காட்டியது. சர்வேயரின் வேலையைச் சரிபார்க்க வேண்டியவருக்கு அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளத்தான் இந்தப் பயிற்சி.

சரி, நம் பையனுக்கு? இந்த அமெரிக்கத் திட்டத்தில் இடமே இல்லை. அங்கே படையில் இருப்பவர்களையும் அந்தப் படையின் ஊழியர்களையும் மட்டுமே அனுப்புவார்கள். வெளிநாட்டுக் கடற்படையினருக்கு விண்ணப்பப் பாரமே கிடையாது. அதனால் "அமெரிக்கன் கோஸ்ட் கார்ட் இண்டர்ன்ஷிப் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் மேலே பேச்சு வேண்டாம்.

நம் கடற்படை வணிகக் கப்பலைப் பரிசோதிப்பதில்லை. ஆகவே பரிசோதகரை உருவாக்கும் பயிற்சிக்கு இங்கே அதே அளவு தேவையும் இல்லை. கடல் பாதுகாப்பில் நம் படையின் பங்கு வேறு இடங்களில் இருக்கிறது. கடலின் ஆழத்தை அளந்து வரைபடம் போடும் தேசிய ஹைட்ரோகிராபி மையம் புலாவ் இண்டாவில் கடற்படையின் பொறுப்பில்தான் இயங்குகிறது. கடலில் தேடி மீட்கும் பணியை முன்நின்று செய்வது ஏபிஎம்எம் என்ற மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம். அது 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, 2005 நவம்பரில் வேலையைத் தொடங்கியது. யூனிஃபார்ம் பார்க்கக் கடற்படை மாதிரி இருந்தாலும் அது ராணுவம் இல்லை.

நம் பிள்ளைகளுக்குத் தொழில்துறைக் கதவு திறப்பது பெரும்பாலும் சேவையின் கடைசியில்தான். சாதாரணப் பதவிகளில் இருப்பவர்களுக்கு 21 வருடச் சேவை என்பது ஓய்வூதியக் கணக்கு. 19 வயதில் சேர்ந்தவர் 40-ல் வெளியே வருகிறார். பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் படிக்கும் வயது, வீட்டுக் கடன் பாதிகூடக் கட்டி முடிந்திருக்காது. ஓய்வூதியம் மட்டும் வைத்துச் சமாளிப்பது கஷ்டம். இவர்களுக்காகத்தான் 1972-லிருந்து பெர்ஹெபாட் என்ற அமைப்பு இருக்கிறது. சுங்கை பூலோவில் உள்ளது. படையை விட்டு விலகுமுன் தொழிற்பயிற்சி கொடுக்கிறது. வகுப்பில் படிப்பதும் உண்டு, வெளி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே கற்பதும் உண்டு. பெயருக்கு ஏதாவது ஒரு கோர்ஸ் எடுத்து நாளைக் கழித்துவிட்டு வருகிறவர்களை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. தன் பணத்தில் படித்தால் எவ்வளவு ஆகும் என்று ஒருமுறை விசாரித்துப் பார்க்கட்டும். விண்ணப்பம் யூனிட் வழியாகவே போக வேண்டும். அதனால் கடைசி வருடத்துக்குக் காத்திராமல் யூனிட் கிராணியிடம் முன்பே கேட்டு வைப்பது நல்லது.

"இருபது வருஷம் கப்பல்ல இருந்தவன், சரக்குக் கப்பல்ல ஏத்திக்க மாட்டாங்களா?" என்று கேட்கலாம். நேரடியாக ஏற்ற மாட்டார்கள். வணிகக் கப்பலில் வேலை செய்ய எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற 1978-ஆம் ஆண்டு உலக ஒப்பந்தத்தின்படி சான்றிதழ் வேண்டும். அந்த ஒப்பந்தம் போர்க்கப்பலில் வேலை செய்பவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிந்தாரா கானான் என்ற கடற்படைப் பதவி லுமுட்டில் மதிப்பானது, ஆனால் சரக்குக் கப்பலில் அது மட்டும் செல்லாது. இருந்த கடல் அனுபவத்தில் எவ்வளவை ஏற்பது என்று முடிவு செய்வது ஜபாத்தான் லாவுட். அதன் தலைமையகம் போர்ட் கிள்ளானில்.

யாராக இருந்தாலும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி நான்கும் முடித்திருக்க வேண்டும்: கடலில் உயிர் தப்புவது, தீயணைப்பு, முதலுதவி, கப்பலில் தன்னையும் மற்றவரையும் பாதுகாத்துக்கொள்வது. கடற்படையில் தீயோடு மல்லுக்கட்டியவருக்கு இது சின்னப்பிள்ளைப் பாடமாகத் தெரியலாம். ஆனாலும் கையில் பேப்பர் இருக்க வேண்டும். அதிலும் முதல் இரண்டையும் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உடல்தகுதிச் சான்றிதழ் அதிகபட்சம் 2 வருடம்தான் செல்லும். டெக்கிலோ இஞ்சின் ரூமிலோ வாட்ச் பார்க்கும் கடைநிலை வேலைக்கே 6 மாதக் கடல் அனுபவம் கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிப் பயிற்சியும் அதோடு குறைந்தது 2 மாதக் கடல் அனுபவமும்.

இந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் வருகிறார். சர்டிபிகேட், கப்பல், சம்பளம் எல்லாம் சேர்த்து இத்தனை ஆயிரம் வெள்ளி என்பார். எம்.எல்.சி. 2006 என்ற கடல் தொழிலாளர் ஒப்பந்தத்தில் மலேசியாவும் சேர்ந்திருக்கிறது. அதன்படி கப்பலில் வேலை வாங்கித் தர மாலுமியிடம் ஒரு காசும் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றுக்கான செலவை மட்டும் மாலுமி ஏற்கலாம். விசா செலவுகூடக் கப்பல் முதலாளியுடையது. பயிற்சி மையத்துக்குக் கட்டும் கோர்ஸ் கட்டணம் வேறு, "வேலைக்கான சார்ஜ்" வேறு. ரசீதில் இரண்டும் ஒரே வரியில் கலந்திருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

தளத்தை விட்டு வெளியேறுமுன் ஒரு கடிதத்தை மறக்காமல் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தக் கப்பலில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன வேலையில் கடலில் இருந்தார் என்று கப்பல் வாரியாக எழுதி, அதிகாரி கையெழுத்தும் முத்திரையும் போட்ட கடிதம். "21 வருடம் பணியாற்றினார்" என்ற ஒற்றை வரி போதாது. கரையில் இருந்த வருடங்களைக் கடல் அனுபவமாகக் கணக்கெடுக்க மாட்டார்கள். யூனிட்டில் இருக்கும்போது கேட்டால் கிராணி எடுத்துக் கொடுப்பார். வெளியே வந்து இரண்டு வருடம் கழித்து, கப்பலும் கமாண்டரும் மாறிய பிறகு கேட்டால் அலைச்சல்தான்.