ரீல்ஸில் கற்ற ஸ்பானிஷை பஸ் ஸ்டாப்பில் பேசாதீர்கள்

மெக்சிகோவுக்கு வேலைக்குப் போன இன்னொருவரும் மாட்டிக்கொண்டார். ஆபீஸ் வரவேற்பில் இருந்த அம்மாவிடம் 'தோந்தே புவேதோ கோஹேர் எல் ஔத்தோபூஸ்?' என்றாராம். பஸ் எங்கே பிடிக்கலாம் என்றுதான் கேட்க நினைத்தார். ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் பஸ்ஸைப் பிடிப்பதும் போனை எடுப்பதும் 'கோஹேர்'தான். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது உடலுறவுக்கான பச்சைச் சொல். இதை எத்தனை முறைதான் சொல்வது! 'தொமார்' என்று கேளுங்கள், எந்த நாட்டிலும் செல்லும்.

'எல்லாம் ஒரே ஸ்பானிஷ்தானே' என்ற நினைப்புதான் வம்பு. உடனே, ஸ்பெயினுக்கு ஒரு பட்டியல், லத்தீன் அமெரிக்காவுக்கு ஒரு பட்டியல் என்று பிரித்துக்கொள்கிறார்கள். அதுவும் தப்பு. கொலம்பியாவும் லத்தீன் அமெரிக்காதான், அங்கே 'கோஹேர்' சாதாரணச் சொல். 'குவாகுவா' கியூபாவில் பஸ், ஸ்பெயினுக்குச் சொந்தமான கானரித் தீவுகளிலும் பஸ், சிலியில் கைக்குழந்தை. 'பெர்தீ லா குவாகுவா' என்றால் கானரியில் பஸ்ஸைத் தவறவிட்டதாக அர்த்தம். சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் அதையே சொன்னால், வயிற்றில் இருந்த குழந்தை போய்விட்டதென்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு சொல்லைக் குறித்துக்கொள்ளும்போது பக்கத்தில் ஊர்ப் பெயரையும் எழுதுங்கள். ஊர் தெரியாத சொல்லை வாயில் எடுக்காதீர்கள்.

ஊர் சரியாக இருந்தாலும் ஆள் தவறலாம். மெக்சிகோவின் 'வெய்', ஸ்பெயினின் 'தீயோ' எல்லாம் நம் 'மச்சி' மாதிரி. பேங்க் மேனேஜரை மச்சி என்பீர்களா? அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் 'போலூதோ' நண்பர்களுக்குள் வெறும் 'டா', முன்பின் தெரியாதவரிடம் சொன்னால் வசவு. 'சும்மா சொல்லாதே' என்ற பொருளில் மெக்சிகோக்காரர்கள் சொல்லும் 'நோ மாமெஸ்' கெட்ட வார்த்தை. சபையில் 'நோ மான்ச்செஸ்' போதும். அதுவும் மாமியார் வீட்டில் வேண்டாமே.

'எஸ்தோய் காலியென்த்தே' கொச்சைகூட இல்லை, 'ஐ ஆம் ஹாட்' என்று ஆங்கிலத்தில் யோசித்ததன் விளைவு. வெயிலில் வந்து இதைச் சொன்னால் காம இச்சை வந்துவிட்டதென்று பொருள். சரியானது 'தெங்கோ கலோர்': என்னிடம் வெக்கை இருக்கிறது. 'எனக்கு வெக்கையா இருக்கு' என்று தமிழில் யோசித்திருந்தால் இந்தத் தப்பே வந்திருக்காது!

'அவொரீத்தா' ஆபத்தில்லாதது, ஆனால் காக்க வைக்கும். மெக்சிகோவில் அது நம் 'இதோ வந்துட்டேன்'. ஐந்து நிமிடமாகலாம், வராமலும் போகலாம். போர்ட்டோ ரிக்கோவில் 'அப்புறமா' என்றே பொருள். பிளம்பர் அப்படிச் சொன்னால் 'ஆ கே ஓரா?', எத்தனை மணிக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

தயவுசெய்து முதல் மாதம் கேளுங்கள், பேசாதீர்கள். யார், யாரிடம், எங்கே சொன்னார் என்று கவனியுங்கள். 1713இல் தொடங்கிய ஸ்பானிய அரச அகாதெமியின் அகராதி இணையத்தில் இலவசம். 'கொலோக்.' என்று போட்டிருந்தால் பேச்சுவழக்கு, 'மால்சோன்.' என்றால் காது கூசும் சொல். எந்த நாட்டு வழக்கு என்பதும் சுருக்கக் குறியாக அங்கேயே இருக்கும். அந்தக் குறியைத் தாண்டிப் போய் அர்த்தத்தை மட்டும் படிப்பவர்களை என்ன செய்வது?

வாய் தவறி வந்துவிட்டதா? விளக்கம் கொடுத்து இன்னும் குழப்ப வேண்டாம். 'பெர்தோன்' என்று சொல்லிவிட்டு, தொமார் போட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். சிரித்துக்கொண்டே பஸ் ஸ்டாப்பைக் காட்டுவார்கள்.