தாடை ஆபரேஷனுக்குப் பிறகு: வாய் திறக்க வேண்டும், புரை ஏறக் கூடாது

வாய்ப் புற்றுநோய்க்காகத் தாடையிலும் கழுத்திலும் ஆபரேஷன் முடிந்து வருபவர்களுக்குப் பேசவும் விழுங்கவும் பயிற்சி கொடுப்பது என் வேலை. கூட வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "மேடம், எப்போ பழையபடி பேசுவாரு?" என்றுதான். நான் முதலில் பார்ப்பது வேறு. நோயாளியின் விரல்களையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைக்கச் சொல்வேன். மூன்று விரல் போனால் நிம்மதி. இரண்டுதான் போகிறது என்றால் அன்றைக்கே பயிற்சி ஆரம்பம். ஸ்கேல் வைத்து அளந்தால் 35 மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பதை வாய் இறுக்கம் என்போம்.

இந்த இறுக்கம் ஒரே நாளில் வருவதில்லை, அதுதான் தொல்லை. மெல்லும் தசைகளை அறுத்துத் தைத்த இடம் தழும்பாகிச் சுருங்கும். அதன்மேல் கரண்ட் வைப்பார்கள், அதாவது ரேடியேஷன். அது தசையை நார் நாராக இறுக்கிவிடும். ரேடியேஷன் முடிந்த பின்னும் மாதக்கணக்கில் அந்த இறுக்கம் கூடிக்கொண்டே போகும். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல வருடம் பாக்கு போட்டவர்களுக்குக் கன்னத்தின் உட்பக்கம் முன்பே வெளுத்துக் கயிறு போல் விறைத்திருக்கும். புகையிலைதான் கெடுதல், வெறும் பாக்கு ஒன்றும் செய்யாது என்று இன்னமும் சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சொல்லியாகிவிட்டது.

வாய் திறக்கவில்லை என்றால் தொல்லை சாப்பாட்டோடு நிற்பதில்லை. பிரஷ் நுழையாது, பல் சொத்தையாகும். நோய் திரும்பி வந்திருக்கிறதா என்று டாக்டர் உள்ளே பார்க்க முடியாது. நாளைக்கே வேறு ஏதாவது ஆபரேஷன் என்றால், மயக்க மருந்து கொடுப்பவருக்கு மூச்சுக்குழாயில் டியூப் போடுவது பெரும்பாடாகிவிடும்.

வீட்டில் நடப்பது இதற்கு நேர் எதிர். "புண் ஆறட்டும், பேசாதே, வாயை அசைக்காதே" என்று அன்பாகவே சொல்லி வைத்திருப்பார்கள். காலிலிருந்து எலும்பெடுத்துத் தாடையில் பொருத்தியிருந்தாலோ, நெஞ்சுச் சதையைத் திருப்பி வைத்துத் தைத்திருந்தாலோ ஆரம்பத்தில் ஓய்வு வேண்டும்தான். அது எத்தனை நாள் என்பதை சர்ஜன் சொல்வார். அவர் சரி என்ற பிறகும் சும்மா இருப்பதுதான் தப்பு. பொதுவாக ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் ரேடியேஷனை ஆரம்பிக்கப் பார்ப்பார்கள். அதற்கு முன் கிடைக்கும் அந்தச் சில வாரங்களில் எவ்வளவு வாய் திறந்து வைத்துக்கொள்கிறோமோ அவ்வளவும் லாபம்.

பயிற்சிக்குப் பெரிய கருவி தேவையில்லை. பல பேருக்கு ஐஸ் குச்சிதான் கொடுக்கிறேன். எத்தனை குச்சி நுழைகிறதோ அத்தனையையும் அடுக்கிக் கடைவாயில் வைத்து, அரை நிமிடம் அப்படியே இருந்து எடுக்க வேண்டும். இதையே சில முறை திருப்பிச் செய்து, ஒரு நாளில் நாலைந்து வேளை செய்யலாம். பழகியதும் நடுவில் இன்னொரு குச்சியைச் செருகலாம். இழுக்கிற மாதிரி இருந்தால் பரவாயில்லை, சுரீரென்று வலித்தால் நிறுத்த வேண்டும். ரேடியேஷனில் வாயெல்லாம் புண்ணாகும்போது எல்லோரும் கைவிட்டுவிடுவார்கள். டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டு அரை மணி நேரம் கழித்துக் கொஞ்சமாவது செய்யுங்கள். ரேடியேஷன் முடிந்ததும் நிறுத்துவதற்கில்லை, அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் செய்ய வேண்டியிருக்கும்.

அடுத்தது விழுங்குவது. மூக்கு டியூபில் கஞ்சி போய்க்கொண்டிருக்கும்போது, "பாவம், வாய்க்கு ருசியா ஒரு மடக்கு காபி" என்று யாராவது ஊற்றிவிடுவார்கள். தொண்டை சரியாக வேலை செய்யாதபோது காபி, தண்ணீர் போன்றவைதான் பலருக்குக் கஷ்டம். வேகமாக ஓடுவதால், மூச்சுக்குழாய் மூடிக்கொள்வதற்குள் உள்ளே இறங்கிவிடும். புரை ஏறி இருமினாலாவது நமக்குத் தெரியும். சிலருக்குத் தொண்டை மரத்துப்போய் இருமலே வராது. விழுங்கியதும் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலக் கொழகொழத்தால், அடிக்கடி காய்ச்சலும் நெஞ்சில் சளியும் வந்தால், உணவு நுரையீரலுக்குப் போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோவிலோ, மூக்கு வழியாக கேமராவை விட்டோ பார்த்தால் தெரிந்துவிடும்.

கெட்டியாகக் கொடுத்தால் எல்லோருக்கும் சரியாகிவிடும் என்பதும் இல்லை. நாக்கில் பாதியை எடுத்தவருக்குக் கெட்டியான களியைப் பின்னுக்குத் தள்ளவே முடியாது. மோவாயை நெஞ்சோடு சேர்த்து விழுங்குவது ஒருவருக்கு உதவும், இன்னொருவருக்கு உதவாது. அதனால் பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்ன யோசனையை வீட்டில் முயன்று பார்க்காதீர்கள்.

டியூபில் கொடுக்கும்போது நோயாளியை நிமிர்த்தி உட்கார வையுங்கள், முடிந்த பிறகும் அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டாமல் விட்டால் டியூப் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கடைசியில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மூக்கருகே டியூபில் போட்டிருக்கும் குறி நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். டியூப் இருக்கிறதே என்று தொண்டைக்கு முழு ஓய்வு கொடுத்தாலும் விழுங்கும் தசைகள் மெலிந்துவிடும். வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவரும், எச்சிலை அழுத்தி விழுங்குவது போன்ற பயிற்சிகளைக் கேட்டுக்கொண்டு செய்யலாம்.

குரல்வளையை முழுவதுமாக எடுத்தவர்களின் கதை தனி. அவர்களுக்கு மூச்சு கழுத்துத் துளை வழியாக மட்டும்தான். அவசரத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை மூக்கிலும் வாயிலும் மட்டும் வைத்தால் காற்று நுரையீரலுக்குப் போகாது, துளையின் மேல் வைக்க வேண்டும். இதை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கழுத்தில் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது தோளைத் தூக்கும் நரம்பு பாதிக்கப்படலாம். கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை என்பதை வயதானவர்கள் மூட்டு வலி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பிசியோதெரபிஸ்டிடம் சீக்கிரம் போனால் தோள் இறுகாமல் காப்பாற்றலாம்.

பேச்சுக்கு வருகிறேன். நோயாளியைக் கேட்டால் மனைவி பதில் சொல்வார், மகன் பதில் சொல்வான். அவர் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பார். தெளிவில்லாமல் போனாலும் அவரே பேசட்டும். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாக அசைத்துச் சொல்வதே பாதிப் பயிற்சி. புரியாவிட்டால் புரிந்த மாதிரி தலையாட்டாமல் திரும்பக் கேளுங்கள்.

கடைசியாக, பல். ஆட்டம் காணும் பல்லும் சொத்தைப் பல்லும் இருந்தால் ரேடியேஷனுக்கு முன்பே பிடுங்கி, புண் ஆற நாள் கொடுக்க வேண்டும். ரேடியேஷன் பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அங்கே பிறகு பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். பல வருடம் கழித்தும் இந்த ஆபத்து உண்டு. எந்தப் பல் டாக்டரிடம் போனாலும், அவர் ஊசியை எடுப்பதற்கு முன்பே தாடையில் கரண்ட் வைத்ததைச் சொல்லி, டிஸ்சார்ஜ் சீட்டையும் ரேடியேஷன் அளவு எழுதிய தாளையும் காட்டுங்கள்.