காடு வெட்டும் தொழில் நின்றபோது: விக்டோரியாவில் யாருக்கு என்ன உதவி?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2024 ஜனவரி 1 முதல், அரசுக் காடுகளில் இயற்கையாக வளர்ந்த மரங்களை வணிகத்துக்காக வெட்டுவது நின்றுவிட்டது. 2019 நவம்பரில் அரசு முதலில் குறித்த கெடு 2030. 2023 மே 23ஆம் தேதி வரவு செலவுத் திட்டத்தோடு வந்த அறிவிப்பு அதை ஆறு ஆண்டுகள் முன்னால் இழுத்தது. 2030 வரை வேலை இருக்கும் என்று நம்பிக் கடன் வாங்கி இயந்திரம் எடுத்தவர்களின் கையில் மிஞ்சியது ஏழு மாதம்.

காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வெட்டப்பட்டவற்றில் முக்கியமானது மவுண்டன் ஆஷ். நீலகிரியில் நாம் பார்க்கும் தைலமரத்தின் உறவுதான். பூக்கும் தாவரங்களில் உலகிலேயே மிக உயரமானவற்றில் ஒன்று. இதைப் போன்ற முதிய மரங்களின் பொந்துகளில் கிரேட்டர் கிளைடர் என்னும், மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கி இறங்கும் சிறு விலங்கு வாழ்கிறது. வெட்டுவதற்கு முன் அந்த விலங்கு இருக்கிறதா என்று ஒழுங்காகத் தேடிப் பார்க்க வேண்டும் என்று 2022 நவம்பரில் விக்டோரியா உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு, மரம் விற்கும் அரசு நிறுவனமான விக்ஃபாரஸ்ட்ஸ் தான் ஒப்புக்கொண்ட அளவு மரத்தைக் கொடுக்க முடியாமல் திணறியது. அதற்கு முன்பே, 2021-22 ஆண்டிலேயே அதன் நட்டம் 5 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 2023 தொடக்கத்தில், மரம் வராததால் மேரிவேல் ஆலையில் வெள்ளைக் காகித உற்பத்தி நின்றது. 2024 ஜூன் 30ஆம் தேதி விக்ஃபாரஸ்ட்ஸே மூடப்பட்டது.

ஆக, முடிவு சரி. ஆனால் அந்த முடிவின் செலவை யார் தூக்குவது? ஆர்பாஸ்ட், நோவா நோவா, ஸ்விஃப்ட்ஸ் கிரீக், பவெல்டவுன் போன்ற சிற்றூர்களில் மர அறுவை ஆலைதான் பலருக்கும் சம்பளம் தந்தது. அந்தச் சுமையைத் தனி மனிதர்களின் தலையில் மட்டும் இறக்கிவைப்பது நியாயமில்லை என்பதால்தான் இந்த உதவித் திட்டங்கள் வந்தன. முன்கூட்டியே நிறுத்துவதற்காக 2023இல் கூடுதலாக 20 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கப்பட்டது. அதையும் சேர்த்து மொத்தம் 87.5 கோடி டாலருக்கு மேல் என்று அரசு அறிவித்தது.

தொகை பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அது ஒரே பையிலிருந்து எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கும் பணம் அல்ல. உதவி ஒப்பந்தத்தின் பின்னால் போகிறது. அரசோடு கையெழுத்திட்ட தாள் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு முதலில், அதிகமாக. அங்கிருந்து ஓர் அடி தள்ளி நின்றால் குறைவாக, விண்ணப்பம் போட்ட பிறகு. இதைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாகவே விளங்கும்.

முதல் வரிசையில் அறுவை ஆலைகள். அவற்றிடம் மர விநியோக ஒப்பந்தம் இருந்தது: இத்தனை ஆண்டு, இத்தனை கன மீட்டர், இந்த விலை என்று. அரசே அதை முறிக்கும்போது, மீதமிருக்கும் கடமைக்கு ஈடு கொடுக்க வேண்டிய நிலை வருகிறது. இது கருணைத் தொகை அல்ல, இழப்பீடு. தொழிலை விட்டே விலக விரும்பிய ஆலைகளுக்கு விலகல் தொகை என்ற வழியும் இருந்தது. நீதிமன்ற உத்தரவுகளால் மரம் வராமல் நின்ற மாதங்களுக்கு ஆலைகளுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் வேலையின்றி நின்ற காலத்துக்கான தொகையும் தரப்பட்டது.

ஆலையைச் சற்று அருகில் போய்ப் பார்த்தால்தான் இந்தக் கணக்கு புரியும். அறுத்த ஆஷ் பலகையை உடனே விற்க முடியாது. பலகைக்குப் பலகை மெல்லிய குச்சிகளை இடையில் வைத்து, காற்று புகும்படி அடுக்கி, பல மாதங்கள் திறந்த வெளியில் உலர்த்துகிறார்கள். பிறகுதான் நீராவி ஊட்டுவது, பிறகு சூட்டில் உலர்த்தும் சூளை. முற்றத்தில் வரிசை வரிசையாக நிற்கும் அந்த அடுக்குகள்தான் முதலாளியின் பணம். காட்டில் கோடரி நின்ற அன்றே ஆலை நிற்பதில்லை. கடைசி அடுக்கு காய்ந்து விற்றுத் தீரும்வரை மெல்ல அடங்குகிறது. "பைன் மரத்தை அறுத்துக்கொள்ளுங்களேன்" என்று சொல்வது எளிது. முதிய ஆஷ் மரத்தின் பருத்த தடிக்காக அமைத்த ரம்பமும் உருளைகளும், தோட்டத்தில் வளர்ந்த ஒல்லித் தடிக்குப் பொருந்தாது. மாறுவதென்றால் ஆலையையே புதிதாகக் கட்டுவது போலத்தான். ஹேஃபீல்ட் ஆலை போன்ற சில இடங்கள் தோட்ட மரத்துக்கும் வெளியிலிருந்து வரும் மரத்துக்கும் மாறின. அந்த ஆலையில் 2017இலேயே மாநில அரசு பங்கு வாங்கியிருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. எல்லா ஆலைக்கும் அப்படி ஒரு கை கிடைக்கவில்லை.

அடுத்தவர்கள், வெட்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் ஒப்பந்தம் எடுத்தவர்கள். இவர்களின் சொத்து நிலமோ கட்டடமோ அல்ல. வெட்டும் இயந்திரமும், தடி ஏற்றும் லாரியும். பாரம் இறக்கித் திரும்பும்போது பின் வண்டியை முன் வண்டியின் முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் அந்த லாரியால் வேறு சரக்கு ஏற்றிப் பிழைப்பது கடினம். தொழில் நின்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வந்தால், விலை எங்கே நிற்கும்? அதனால் இவர்களுக்கு இழப்பீட்டோடு இன்னொரு வழியும் திறந்தது: அதே இயந்திரங்களோடு காட்டுத்தீத் தடுப்பு வேலை. தீ பரவாமல் இருக்கப் பாதை ஒதுக்குவது, சாலையோரம் விழப்போகும் மரத்தை அகற்றுவது, புயலில் சாய்ந்ததை எடுப்பது. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். காட்டுக்குள் எந்தச் சரிவில் இயந்திரம் நிற்கும், எதில் நிற்காது என்று அறிந்த கைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த கோடையில் தீயை யாரை வைத்து அணைப்பது?

தொழிலாளர்களுக்கு மறுபயிற்சி, வேலை தேட உதவி, வேறு ஊருக்குக் குடிபெயரும் செலவு, பணிநீக்க ஈட்டுத்தொகைக்கு மேல் கூடுதல் தொகை எனத் தனித் திட்டம் வந்தது. இது ஏன் முதலாளிக்கும் முக்கியம் என்றால், ஆஸ்திரேலியத் தேசிய விதிப்படி பணிநீக்க ஈட்டுத்தொகை அதிகபட்சம் 16 வாரச் சம்பளம். அதுவும் 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு நிறுவனம் பொதுவாக அதைத் தரவே தேவையில்லை. காட்டோர ஊர்களில் சிறு நிறுவனங்களுக்குக் குறைவில்லை. அங்கே இருபது ஆண்டு உழைத்தவருக்குக்கூட அந்த ஈட்டுத்தொகை கிடைக்காமல் போகலாம். அரசின் கூடுதல் தொகைதான் கையில் நிற்கும் பணம். நிறுவனமே நொடித்துப்போனால், கொடுக்காமல் விட்ட சம்பளத்துக்கும் விடுப்புத் தொகைக்கும் மத்திய அரசின் பணியாளர் உரிமை உத்தரவாதத் திட்டத்தை நாடலாம்.

இனி, மூன்றாவது வரிசை. ரம்பத்துக்குச் சாணை பிடிப்பவர், இயந்திரம் பழுது பார்ப்பவர், டீசல் விற்பவர், ஓட்டுநர்கள் காலையில் நிற்கும் சிற்றுண்டிக் கடை. இவர்களில் யாரிடமும் அரசோடு போட்ட ஒப்பந்தம் இல்லை. எனவே இழப்பீடு இல்லை, மானியம்தான். தொழிலை வேறு திசைக்குத் திருப்பத் திட்டம் தீட்டுவதற்கும் கணக்காளரிடமும் ஆலோசகரிடமும் போவதற்கும் அரசு தரும் செலவுச் சீட்டு (வவுச்சர்); புதிய தொழில் தொடங்கவோ விரிவாக்கவோ வனத்தொழில் மாற்ற நிதியிலிருந்து மானியம்; ஊருக்கு ஊர் வளர்ச்சித் திட்டம். மானியம் போட்டியில் கிடைப்பது. நன்றாக விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் முன்னால் நிற்பார். இது இந்த ஏற்பாட்டின் பெரிய குறை என்று நினைக்கிறேன். நாற்பது ஆண்டு ரம்பம் தீட்டியவருக்கு ஐந்தாண்டு வணிகத் திட்டம் எழுத வராது. அதற்காக அவருடைய நட்டம் குறைந்துவிடுமா?

இவர்கள் விண்ணப்பிக்கும்போது முக்கியமாக எழும் கேள்வி: உங்கள் வருமானத்தில் எவ்வளவு பங்கு இந்த மரத்தொழிலிலிருந்து வந்தது? அதை நிரூபிக்கப் பழைய பில்கள், வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு வேண்டும். வாய்க்கணக்கில் நடந்த வியாபாரம் காகிதத்தில் இல்லாததாகிவிடும். இன்னொன்று, வந்த பணம் முழுவதும் கையில் நிற்காது. தொழில் மானியம் பொதுவாக வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரிக்கு உட்படும். செலவழிப்பதற்கு முன் கணக்காளரிடம் கேட்டுவிடுவது நல்லது.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்? கேரி, ஜாரா மரங்களின் நாடான மேற்கு ஆஸ்திரேலியா 2021 செப்டம்பரில் அறிவித்து, அதே 2024 தொடக்கத்தில் நிறுத்தியது. அங்கும் தொழில், தொழிலாளர், ஊர் என மூன்றாகப் பிரித்து 8 கோடி டாலர் திட்டம். நியூசிலாந்தின் கதை வேறு. மேற்குக் கடற்கரையில் அரசுக் காட்டு மரவெட்டை நிறுத்தியபோது, 2000ஆம் ஆண்டுச் சட்டம், அந்த வட்டாரக் காடுகளைப் பற்றி அரசு பிறரோடு செய்திருந்த 1986இன் உடன்படிக்கையை ரத்து செய்தது. அந்த ரத்துக்கு இழப்பீடு கிடையாது என்றும் அதே சட்டம் சொன்னது. பதிலாக 12 கோடி நியூசிலாந்து டாலர் வட்டாரத்துக்குப் போனது: 9.2 கோடி ஒரு வளர்ச்சி அறக்கட்டளைக்கு, மீதி 2.8 கோடி நான்கு உள்ளாட்சி மன்றங்களுக்கு. பணம் ஊருக்கு வந்தது. ஆலை வைத்திருந்தவர் அந்த ரத்துக்காகத் தன் பெயரில் எதுவும் கேட்க முடியவில்லை. ஒப்பந்தத் தாளின் மதிப்பு என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

விக்டோரியாவில் தாள் இல்லாத மூன்றாவது வரிசைக்காரர் முதலில் தட்ட வேண்டிய கதவு, கிராமப்புற நிதி ஆலோசனைச் சேவை. விவசாயிகளோடு வனத்தொழில் செய்பவர்களுக்கும் அவர்களைச் சார்ந்த சிறு தொழில்களுக்கும் அது உதவுகிறது. கடன்காரரிடம் பேசுவதற்கும், எந்த மானியத்துக்குத் தகுதி இருக்கிறது என்று பார்ப்பதற்கும், தொழிலைத் தொடர்வதா மூடுவதா என்று கணக்குப் போடுவதற்கும் கூடவே உட்காருவார்கள். கட்டணம் இல்லை, சொன்னது வெளியே போகாது. பில்களைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகலாம்.