"நூறு வருஷமா ஒன்னும் ஆனதில்லையே!"

அணையோ பாலமோ மின்நிலையமோ, எதைக் கட்டுவதாக இருந்தாலும் அடியில் இருக்கும் மண்ணையும் பாறையையும் பார்த்துச் சொல்வது என் வேலை. துளை போட்டு எடுத்த கோர்களை, அதாவது உருளை வடிவ மண், பாறை மாதிரிகளை, பெட்டியில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு சாணுக்கும் குறிப்பு எழுதுவோம். அறிக்கையை வாங்குகிறவர்கள் நடுவில் இருக்கும் படங்களையெல்லாம் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டு, அநேகமாக ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "நூறு வருஷமா இங்க ஒன்னும் ஆனதில்லையே, அப்புறம் என்ன?"

அவர்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் இல்லை. கிட்டத்தட்ட நூற்றைம்பது ஆண்டுகள், என் துறையான நிலவியலே, நாம் பார்த்ததுதான் எப்போதும் நடக்கும் என்ற இந்த நினைப்பில்தான் இருந்தது.

பாரிஸைச் சுற்றியுள்ள பாறை அடுக்குகளைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஜார்ஜ் கூவியேவும் அலெக்சாந்தர் பிரோஞியாரும் 1800களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார்கள். ஓர் அடுக்கில் கடல் சிப்பி, அதன் மேல் நன்னீர் நத்தை, மறுபடியும் கடல் சிப்பி. இடையில் படிப்படியான மாற்றம் கண்ணில் படவில்லை. மாமத் என்ற பழங்கால யானை போன்ற விலங்குகள் அடியோடு அழிந்துபோனவை என்பதைக் கூவியே 1796-லேயே காட்டியிருந்தார். திடீர்ப் புரட்டல்கள் உயிரினங்களைத் துடைத்தெடுத்திருக்கின்றன என்று 1812-இல் எழுதினார். இப்படித் திடீர் அழிவுகளைப் பேசிய பேரழிவுவாதிகள் பைபிளைக் காப்பாற்ற வந்தவர்கள்தான் என்று இன்றும் சிலர் சொல்லித்தருகிறார்கள். கூவியேவைப் பொறுத்தவரை அது அநியாயம். பாறையில் இருந்ததை அவர் அப்படியே படித்தார், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் கதை கொஞ்சம் வேறு. நிலவியலாளர் வில்லியம் பக்லாண்ட் கடைசிப் புரட்டலைப் பைபிளில் வரும் நோவாவின் வெள்ளத்தோடு முடிச்சுப் போட்டார். ஆனால் அவரும் லேசுப்பட்டவர் அல்ல. கிர்க்டேல் குகையில் கிடைத்த எலும்புகள் வெள்ளத்தில் வந்தவையா, கழுதைப்புலி கடித்துப் போட்டவையா என்று தெரிந்துகொள்ள, உயிருள்ள ஒரு கழுதைப்புலிக்கு மாட்டெலும்பைக் கொடுத்துப் பல்தடத்தை ஒப்பிட்டவர். பிற்பாடு பனியாறுகளின் வேலையைக் கண்டதும் வெள்ளத்தைக் கைவிட்டார். இன்னொரு நிலவியலாளர் ஆடம் செட்ஜ்விக் 1831-லேயே நிலவியல் கழகத்தில் எழுந்து நின்று, தான் வெள்ளத்தை நம்பியது தவறு என்று சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தைய ஆண்டு சார்லஸ் லைலின் நூல் வெளியாகியிருந்தது. லைல் படித்தது சட்டம். வாதம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. இன்று நாம் காணும் மழை, ஆறு, அலை, எரிமலை ஆகியவையே போதிய காலம் கிடைத்தால் மலையையும் கரைக்கும் என்றார். அந்த நூலுக்கு மதிப்புரை எழுதிய வில்லியம் ஹியூவெல் 1832-இல் இரு தரப்புக்கும் பெயர் சூட்டினார்: லைல் பக்கம் சீர்மைவாதிகள், கூவியே பக்கம் பேரழிவுவாதிகள்.

லைலின் வாதத்துக்குள் இரண்டு சரக்கு ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருந்தது. இயற்கை விதிகள் அன்றும் இன்றும் ஒன்றே என்பது ஒன்று. இது இல்லாமல் அறிவியலே இல்லை. அந்த விதிகள் வேலை செய்யும் வேகமும் என்றும் ஒன்றே என்பது மற்றொன்று. இது வெறும் ஊகம். இந்த முடிச்சை 1965-இல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவன் ஜே கூல்ட் தெளிவாக அவிழ்த்துக் காட்டும்வரை மாணவர்கள் இரண்டையும் சேர்த்தே விழுங்கினார்கள்.

அதற்குள் இந்தக் குழப்பத்துக்கு விலை கொடுத்தவர் நிலவியலாளர் ஜே ஹார்லன் பிரெட்ஸ். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே, பசால்ட் என்ற எரிமலைப் பாறையைப் பிளந்துகொண்டு போகும் மாபெரும் வறண்ட பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. ஐந்து கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள ஓர் அருவியின் விளிம்பு இருக்கிறது, அருவி இல்லை. பல கோடைகள் அங்கே நடந்து திரிந்த பிரெட்ஸ், இது ஒரே பெருவெள்ளத்தின் வேலை என்று 1923-இல் எழுதினார். 1927 ஜனவரியில் அவரை நாட்டின் தலைநகருக்கு அழைத்துப் பேசவிட்டு, மூத்த நிலவியலாளர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து மறுத்தார்கள். அவர்களில் பலர் அந்த நிலத்தை மிதித்ததே இல்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, நோவாவின் வெள்ளத்தில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்ட துறைக்கு 'வெள்ளம்' என்ற சொல்லே அலர்ஜி.

ஒரு கேள்வி மட்டும் நியாயமானது: அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? பதில் ஜோசப் பார்டி என்ற நிலவியலாளரிடம் இருந்தது. பனியுகத்தில் பனியாறு ஓர் ஆற்றை அடைத்து உண்டாக்கிய மிசூலா ஏரியைப் பற்றி அவர் 1910-லேயே எழுதியிருந்தார். சுமார் 600 மீட்டர் உயரப் பனி அணை, பின்னால் 2,000 கன கிலோமீட்டருக்கு மேல் நீர். அணை உடைந்தபோது ஏரித்தளத்தில் பதிந்த மணல் அலைத்தடங்களின் ராட்சத வடிவத்தை, பத்து மீட்டர் வரை உயரமுள்ள சரளை மேடுகளை, 1942-இல் அவர் விவரித்தார். 1965-இல் பன்னாட்டு நிலவியலாளர் குழு ஒன்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு, "இப்போது நாங்கள் எல்லோருமே பேரழிவுவாதிகள்" என்று பிரெட்ஸுக்குத் தந்தி அடித்தது. 1979-இல் அமெரிக்க நிலவியல் கழகத்தின் உயரிய விருதான பென்ரோஸ் பதக்கம் கிடைத்தபோது அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. வெள்ளம் ஒன்றல்ல, அணை பலமுறை உறைந்து உடைந்திருக்கிறது என்பது பின்னர் தெரிந்தது. அந்த வகையில் பிரெட்ஸும் கொஞ்சம் தவறுதான்.

டைனோசர்களை அழித்தது ஒரு சிறுகோள் மோதல் என்று 1980-இல் வந்த அல்வாரெஸ் குழுவின் கட்டுரை ஊரறிந்தது. எனக்குப் பிடித்தது அதன் தொடக்கம். இத்தாலியின் குப்பியோவில் ஒரு சென்டிமீட்டர் களிமண் அடுக்கு படிய எவ்வளவு காலம் ஆனது என்று அளக்கத்தான் விண்தூசியோடு வந்து சேரும் இரிடியம் என்ற அரிய உலோகத்தை அவர்கள் தேடினார்கள். விண்தூசி ஒரே சீராக விழுகிறது என்பது அவர்கள் கணக்கு. லைலின் அளவுகோலைத்தான் எடுத்துப் போனார்கள்! சுற்றியிருந்ததைவிட முப்பது மடங்கு இரிடியம் இருந்ததைக் கண்டு, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் 10 கிலோமீட்டர் அகலச் சிறுகோள் மோதியது என்ற முடிவுக்கு வந்தார்கள். மெக்சிகோவின் சிக்சுலுபில் எண்ணெய் தேடித் துளையிட்டவர்கள் 1950களிலேயே அந்த மோதலில் உருகிய பாறையை வெளியே எடுத்திருந்தார்கள். எரிமலைப் பாறை என்று எழுதி வைத்துவிட்டார்கள். 180 கிலோமீட்டர் அகலப் பள்ளத்தின் சான்று கோராகக் கையில் இருந்தும் 1991 வரை பெரும்பாலோருக்கு அது என்னவென்று தெரியவில்லை. கோர் பெட்டியோடு வாழ்கிற எனக்கு இது சற்று வயிற்றைக் கலக்கும் செய்தி.

இதைச் சொன்னால் உடனே, துருவம் புரளப் போகிறது என்ற வீடியோவை அனுப்புகிறவர்கள் உண்டு. வெள்ளிக் கோள் வியாழனிலிருந்து பிறந்து வந்து பூமியை உலுக்கியது என்று 1950-இல் வெலிகோவ்ஸ்கி என்ற எழுத்தாளர் சொன்னதும் இதே ரகம். அந்தக் கதைக்குப் பாறையில் தடயம் இல்லை. பிரெட்ஸ் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக நடந்தார். இரிடியம் டென்மார்க்கிலும் நியூசிலாந்திலும் அதே மட்டத்தில் இருந்தது. நான் பார்ப்பது அதைத்தான்: ஒரே நிகழ்வின் தடம், வேறு வேறு இடத்தில், ஒரே மட்டத்தில்.

அந்த நூறு வருஷக் கேள்விக்கு வருவோம். 'நூறாண்டு வெள்ளம்' என்றால் நூறாண்டுக்கு ஒருமுறை முறைவைத்து வருவது என்று பொருளில்லை. எந்த ஆண்டிலும் வர நூற்றில் ஒரு வாய்ப்பு. முப்பது ஆண்டு உழைக்கும் கட்டடத்துக்கு அது நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல். கி.பி. 869-இல் ஜப்பானின் செண்டாய் சமவெளியில் சுனாமி வந்ததைப் பழைய ஏடும் சொல்கிறது, வயல்களின் அடியில் கிடக்கும் மணல் அடுக்கும் சொல்கிறது. ஆய்வாளர்கள் அதை 2011-க்கு முன்பே எழுதியிருந்தார்கள். ஆனால் தெற்கே, அதே கடலோரத்தில் இருந்த ஃபுகுஷிமா அணுமின் நிலையம் 5.7 மீட்டர் அலைக்குத்தான் தயாராக இருந்தது. வந்தது 14 மீட்டருக்கு மேல்.

சமீபத்தில் நான் இறங்கிப் பார்த்த ஒரு குழியில், கரும் சேற்றுக்கு நடுவே இரண்டு விரல் தடிமனில் வெளிர் மணல் ஓடியது. அடிவிளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. புயலாகவும் இருக்கலாம், வெறும் கிளைவாய்க்கால் திசை மாறியதாகவும் இருக்கலாம். அரை கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குழி வெட்டச் சொன்னேன். செலவுக்கு முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார்கள். அங்கேயும் இருந்தது. காலக்கணிப்புக்கு மாதிரி போயிருக்கிறது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தை இன்னும் எழுதவில்லை.